பனிக்காலத்தில் நீச்சல், ஓட்டம், வலுப்பயிற்சி: நீலகிரியில் இருப்பவர்களுக்கான வழிமுறை

கார்த்திகை பிறந்ததும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் பயிற்சி செய்பவர்களின் அட்டவணை குலையத் தொடங்கும். முதலில் வடகிழக்குப் பருவமழை, கூடவே மலைப்பாதையில் மண்சரிவு. அது ஓய்வதற்குள் மார்கழிப் பனி வந்துவிடும். நீந்துவதற்கு மலையில் இடம் அரிது. சமவெளியில் இருப்பவர்களுக்காகத் தயாரித்த திட்டத்தை எடுத்து அப்படியே பின்பற்றினால், பொங்கலுக்குள் முழங்கால் வலி வரும், இல்லையென்றால் விடாத இருமல் வரும், அதுவும் இல்லையென்றால் நீச்சல் கையைவிட்டுப் போயிருக்கும்.

அந்தத் திட்டங்கள் ஓட்டத்தை ஒரு கணக்கிலும் கால்களுக்கான வலுப்பயிற்சியை இன்னொரு கணக்கிலும் வைக்கின்றன. சமதளத்தில் அது சரி. நீலகிரியில் ஏறாமல் இறங்காமல் இரண்டு கிலோமீட்டர் ஓடுவதே கடினம். இங்கே ஓட்டம் என்பதே பாதி வலுப்பயிற்சி. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால்தான் மூன்றுக்கும் வாரத்தில் இடம் கிடைக்கும். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான். வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய, வேலைக்குப் போகிற, ஏற்கனவே ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடவும் 400 மீட்டர் நிற்காமல் நீந்தவும் தெரிந்தவரை மனத்தில் வைத்து எழுதியது இது.

மாதங்களைப் பிரிப்பது

கார்த்திகையில் மழையோடு மல்லுக்கட்ட வேண்டாம். வலுப்பயிற்சியின் அசைவுகளைக் குறைந்த எடையில் பழகவும், ஓட்டத்தைச் சிறிதாகவும் அடிக்கடியும் வைத்துக்கொள்ளவும் உகந்த மாதம் அது. பாதை திறந்திருக்கும் வாரங்களில் நீந்தினால் போதும்.

மார்கழியில் மழை குறைந்து குளிர் ஏறும். எடையைக் கூட்ட இதுவே சரியான காலம், ஏனென்றால் கடுங்குளிரில் வேக ஓட்டம் எப்படியும் நன்றாக வராது. ஓட்டத்தைப் பெரும்பாலும் நிதானமாக வைத்துக்கொண்டு, நீச்சலில் நுட்பத்தைத் திருத்துங்கள். தை பிறந்த பிறகு வலுப்பயிற்சியை வாரம் ஒன்றாகக் குறைத்து, அந்த நேரத்தையும் தெம்பையும் நீச்சலின் நீளத்துக்கும் ஓட்டத்தின் வேகத்துக்கும் மாற்றுங்கள். மாசி முழுக்க அப்படியே போகலாம்.

ஜனவரியில் சென்னையிலோ மும்பையிலோ மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்தவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் கனமான எடைகளை ஐப்பசி, கார்த்திகையிலேயே முடித்துவிட்டு, மார்கழியில் வாரம் ஒருமுறை மட்டும் தொட்டுக்கொள்ள வேண்டும். போட்டிக்கு முந்தைய பத்து நாளில் கால்களுக்கு எடையே வேண்டாம்.

மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் குறைப்பது பழைய முறை. மலையில் அது இன்னும் அவசியம். முதல் வாரத்தின் மொத்த நேரத்தை 100 என்று வைத்தால், அடுத்தடுத்து 110, 120, பிறகு 70. படுகர் ஊர்களான ஹட்டிகளில் ஹெத்தை அம்மன் பண்டிகை நடக்கும் வாரத்தையும் பொங்கல் வாரத்தையும் குறைக்கும் வாரங்களாகப் பொருத்திக்கொண்டால் வீட்டாரோடும் சண்டை வராது.

ஓட்டம்: இறக்கத்தைக் கணக்கெடுங்கள்

ஏறும்போது மூச்சு வாங்கும். அதனால் ஏற்றம்தான் கடினம் என்று தோன்றும். காலைக் கெடுப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. இப்படிப்பட்ட சுமையில்தான் தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாள்வரை உச்சத்தில் இருக்கும். செவ்வாய்க்கிழமை தொட்டபெட்டா பக்கம் வேகமாக இறங்கியவருக்கு வியாழக்கிழமை ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) செய்யும்போது கால் நடுங்குவது இதனால்தான். அவர் எடை அதிகமோ என்று நினைப்பார். பிழை இரண்டு நாள் முன்பே நடந்துவிட்டது.

நல்ல செய்தி, தசை இதை வேகமாகக் கற்றுக்கொள்ளும். ஒருமுறை அளவாக இறங்கி ஓடினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் பாதிக்கும் அளவு வெகுவாகக் குறையும். ஆகவே இறக்கத்தை ஒரேயடியாகத் தவிர்க்காமல், ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை அளவோடு கொடுங்கள். முதல் தடவை தொடர்ந்து 10 நிமிடம், அடுத்த முறை 13, பிறகு 16. அடி சிறிதாக, நிமிடத்துக்கு 170 முதல் 180 காலடி, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். குதிகாலை முன்னால் நீட்டிப் பிரேக் போடுவதுபோல ஓடினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்.

மற்ற நாள்களில் ஏற்றத்தை மட்டும் ஓடிவிட்டு இறங்குவதற்கு வண்டி பிடியுங்கள். நீலகிரியில் இருப்பவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி இது. குன்னூர் ரயில் நிலையம் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்திலும் ஊட்டி நிலையம் ஏறக்குறைய 2,200 மீட்டரிலும் இருக்கின்றன. இடையில் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். இவற்றில் ஏதாவது ஒன்றுவரை ஏறி ஓடிவிட்டுப் பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்பலாம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் முழு வேலை, தொடைக்குச் சேதம் மிகக் குறைவு. மறுநாள் வலுப்பயிற்சி கெடாது. திரும்பும் பயணத்துக்கு ஒரு காய்ந்த பனியனும் ஸ்வெட்டரும் சின்னப் பையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

உங்கள் போனோ கைக்கடிகாரமோ வாரத்தின் மொத்த இறக்கத்தைக் காட்டும். அதைத் தூரத்தைப் போலவே எழுதி வையுங்கள். வாரத்துக்கு 400 மீட்டர் இறக்கத்தில் தொடங்கி, வாரம் 50 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். எந்த வாரமாவது இறக்கம் திட்டத்தைத் தாண்டிவிட்டால், அந்த வாரத்தின் ஸ்குவாட்டில் ஒரு செட்டை வெட்டிவிடுங்கள். இரண்டும் ஒரே கணக்கு என்பதற்கு இதுதான் பொருள்.

வேகத்தை இங்கே கடிகாரம் பார்த்து முடிவுசெய்ய முடியாது. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். கோவையில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் எளிதாக ஓடுபவர், ஊட்டியில் சமதளத்திலேயே 15 முதல் 30 நொடி மெதுவாக ஓடினால்தான் அதே அளவு எளிது. நிதான ஓட்டத்துக்கு அளவுகோல், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நடங்கள். ஏற்றத்தில் நடப்பதில் எந்தக் குறைவும் இல்லை. கீழிருந்து புதிதாக மலைக்கு வந்தவர்கள் முதல் இரண்டு வாரம் நிதானத்தைத் தாண்டவே கூடாது.

உயரத்தில் வாழ்ந்து தாழ்விடத்தில் வேகப் பயிற்சி செய்வதன் பலனை 1997-இல் லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்களுடைய ஓட்டக்காரர்கள் 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டரில் பயிற்சி செய்தார்கள். உயரத்தில் வேகமாக ஓட முடியாததால் கால்கள் வேகத்தை மறந்துவிடுகின்றன என்பதுதான் அதில் நமக்கான பாடம். ஆகவே நீச்சலுக்காகக் கீழே இறங்கும் நாளில் வேக ஓட்டத்தையும் அங்கேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். மேலேயே சமதளம் வேண்டுமென்றால் ஊட்டியில் எச்.ஏ.டி.பி. மைதானம் போன்ற விளையாட்டுத் திடல்கள் உண்டு. பழனி மலையில் இருப்பவர்களுக்குக் கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் சுமார் 5 கிலோமீட்டர் சாலை ஏறக்குறைய சமமானது.

குளிர், பனி, விலங்கு

டிசம்பர், ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை மணி தாண்டிவிடும். அதற்கு முன் ஓடப் போகாதீர்கள். காட்டுமாடும் கரடியும் தேயிலைத் தோட்டங்களிலும் ஊர் ஓரங்களிலும் நடமாடுவது அதிகாலையிலும் அந்தியிலும்தான். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இது அன்றாடக் காட்சி. காலை ஏழரைக்குப் பிறகு, முடிந்தவரை இருவராக, காதில் இயர்போன் இல்லாமல். வளைவில் காட்டுமாடு நின்றால் ஓரமாகக் கடந்துவிடலாம் என்று எண்ணாமல், முகம் திருப்பாமல் பின்வாங்கி, வந்த வழியே திரும்புங்கள். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுப்பாதைகளில் நுழைய வேண்டாம்.

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி முதலில் விழுகிறது. காலை ஓட்டத்துக்குப் பள்ளத்தாக்கின் அடியைவிடச் சரிவின் நடுவிலுள்ள, கிழக்கு வெயில் விழும் சாலை மேல். நிழல் வளைவுகளிலும் சிறு பாலங்களிலும் உறைபனி கடைசிவரை கரையாமல் இருக்கும். அங்கே அடி வைத்துப் பார்த்து நடந்து கடங்கள்.

சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரம் ஓடுவது பொது விதி. கொண்டை ஊசி வளைவில் மட்டும் அதை மாற்ற வேண்டும். வலது பக்கம் உள்வளைவாக இருந்தால் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. முன்கூட்டியே, இருபுறமும் பார்த்து, வெளிவளைவுக்கு மாறிக்கொள்ளுங்கள். மூடுபனியில் ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை இல்லாமல் சாலையில் இறங்கவே கூடாது.

பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்து உடலைக் குளிர்விக்கும். உள்ளே பாலியஸ்டர் ஜெர்சி, மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், கையுறை, காதை மூடும் குல்லா போதும். வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் துணி அதிகம். வெளியே போவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே 12 முதல் 15 நிமிடம் உடலைச் சூடாக்குங்கள்: படியேற்றம், இடுப்புச் சுழற்சி, எடையில்லா ஸ்குவாட் 20, கணுக்கால் உயர்த்துதல் 20. முதல் 10 நிமிட ஓட்டத்தில் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டால், வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கி உண்டாக்கும் இருமல் குறையும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் சொன்னபடி இன்ஹேலர் எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஓடி முடித்தால் பத்து நிமிடத்துக்குள் ஈரத்துணியைக் கழற்றிவிடுங்கள். டீக்கடையில் நின்று பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

வலுப்பயிற்சி

மார்கழியில் வாரம் இரண்டு, தலா 40 முதல் 45 நிமிடம். அதற்கு மேல் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்பவருக்குத் தேவையில்லை. தசை பெருத்து உடல் எடை கூடிவிடும் என்ற பயமும் வேண்டாம். இவ்வளவு ஓட்டமும் நீச்சலும் இருக்கும்போது, குறைந்த எண்ணிக்கையில் கனமாகத் தூக்குவது வலுவைக் கூட்டுமே தவிர எடையைப் பெரிதாகக் கூட்டாது. ஓட்டக்காரர்கள் பலர் சின்ன எடையில் 25, 30 முறை செய்கிறார்கள். தாங்கும் திறனுக்கான வேலையை ஓட்டமே செய்துவிடுகிறது, அதையே ஜிம்மிலும் செய்வது நேர விரயம்.

முதல் நான்கு வாரம் குறைந்த எடையில் 10 முதல் 12 முறை, 2 செட். பிறகு எடையைக் கூட்டி 5 அல்லது 6 முறை, 3 செட், செட்டுகளுக்கு இடையில் 2 முதல் 3 நிமிட ஓய்வு. ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு முறை தூக்கியிருக்கலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். எல்லாச் செட்டும் ஒழுங்காக வந்தால் அடுத்த வாரம் 2.5 கிலோ கூட்டலாம்.

முதல் நாள் கால்களுக்கு: ஸ்குவாட், ரோமானியன் டெட்லிஃப்ட் (முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து எடையைத் தூக்குவது), கெண்டைக்கால் உயர்த்துதல். கெண்டைக்காலை முழங்கால் நீட்டி ஒரு செட், மடக்கி ஒரு செட் செய்ய வேண்டும். ஏற்றத்தில் குதிகால் தசைநாண் இழுபடுவதைத் தாங்குவது மடக்கிய நிலையில் வேலை செய்யும் உள்தசைதான், அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் நாள் மேலுடலுக்கு: புல்-அப் அல்லது ரோ (எடையை உடலை நோக்கி இழுப்பது), புஷ்-அப், தோளை வெளிப்புறம் சுழற்றும் ரப்பர் பேண்ட் பயிற்சி 15 முறை 2 செட், பக்கவாட்டுப் பிளாங்க் 30 நொடி மூன்று முறை. கூடவே ஒற்றைக்கால் ஸ்டெப்-அப் லேசான எடையில் 8 முறை 2 செட்.

ஜிம் இல்லாத ஊரில், நிரம்பிய 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. அதை மார்போடு அணைத்து ஸ்குவாட் செய்யலாம். 25 கிலோ அரிசி மூட்டை டெட்லிஃப்ட்டுக்கு உதவும். அது போதாமல் போகும் நாளில் இரு காலுக்குப் பதில் ஒற்றைக்காலுக்கு மாறுங்கள், அதே எடை இரட்டிப்பாக உணரப்படும். எதைத் தூக்குவதற்கும் முன் அறை சூடாக, உடல் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த கொட்டகையில் முதல் செட்டையே கனமாகத் தொடங்குவதால் இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

நீச்சல்

முதலில் எங்கே நீந்தக் கூடாது என்பது. ஊட்டி ஏரி, பைக்காரா, எமரால்டு, கொடைக்கானல் ஏரி எதிலும் இறங்காதீர்கள். படகுகள், செடிக்கொடி, சேறு, திடீரென ஆழமாகும் கரை எல்லாம் உண்டு. அதற்கும் மேலே குளிர் அதிர்ச்சி. மிகக் குளிர்ந்த நீரில் இறங்கிய முதல் ஓரிரு நிமிடத்தில் மூச்சு தன்னிச்சையாக உள்ளே இழுக்கும், கட்டுப்படுத்த முடியாது. அந்த நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்குவார்.

ஆகவே நீச்சல் என்றால் பெரும்பாலோருக்குக் கீழே போவதுதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் 34 கிலோமீட்டர், அதையும் தாண்டிக் கோவை. ஒரு நீச்சலுக்காக அரை நாள் பயணம் கட்டுப்படியாகாது. இதற்கு வழி, ஒரு பயணத்தில் இரண்டு நீச்சல்: சனிக்கிழமை மாலை ஒன்று, இரவு உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி, ஞாயிறு காலை இன்னொன்று. நீச்சல் கைக்குப் பழகும் வித்தை, இடைவெளி நீண்டால் நீரைப் பிடிக்கும் உணர்வு போய்விடும். ஒரே நாளில் 4,000 மீட்டர் நீந்துவதைவிட 1,500-ம் 2,400-ம் என இரண்டாகப் பிரிப்பது எவ்வளவோ மேல். குளத்தின் நேரத்தையும் பராமரிப்பு விடுமுறையையும் கிளம்புமுன் போனில் கேட்டுவிடுங்கள்.

மாதம் ஒருமுறை உங்கள் நிலைவேகத்தை, அதாவது நீண்ட நேரம் சீராகத் தாக்குப்பிடிக்கும் வேகத்தை, கணக்கிடுங்கள். நன்றாக வார்ம்-அப் செய்து, 400 மீட்டரை முழு முயற்சியில் நீந்தி நேரம் குறியுங்கள். 10 நிமிடம் மெதுவாக நீந்தி ஓய்ந்தபின் 200 மீட்டரை அதேபோல். 400-இன் நேரத்திலிருந்து 200-இன் நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால், 100 மீட்டருக்கான நிலைவேகம் கிடைக்கும். 400-க்கு 8 நிமிடம் 20 நொடியும், 200-க்கு 4 நிமிடமும் ஆனால், வித்தியாசம் 4 நிமிடம் 20 நொடி, அதில் பாதி 2 நிமிடம் 10 நொடி. மலையிலிருந்து இறங்கியவருக்குக் கீழே மூச்சு எளிதாகக் கிடைப்பதால் முதல் 100 மீட்டரை மிக வேகமாகத் தொடங்கிவிடும் வழக்கம் உண்டு. அப்படித் தொடங்கினால் 400-இன் பின்பாதி சரிந்து கணக்கே தவறாகிவிடும்.

சனி மாலை 1,500 மீட்டர், முழுக்க நுட்பத்துக்கு. 200 மெதுவாக. பிறகு 50 மீட்டர் வீதம் எட்டு: இரண்டு முறை ஒரு கை முன்னால் நீட்டிக் காத்திருந்து மறு கை வந்து சேர்வது, இரண்டு முறை பக்கவாட்டில் படுத்துக் கால் அடிப்பது, இரண்டு முறை விரல்களை மூடி முஷ்டியோடு நீந்துவது, இரண்டு முறை சாதாரணமாக. அடுத்து 100 மீட்டர் ஆறு முறை, 20 நொடி ஓய்வுடன் நிதானமாக. 25 மீட்டர் எட்டு முறை, மெதுவாகத் தொடங்கி வேகமாக முடிப்பது. கடைசி 100 மெதுவாக. அன்று காலை நீள ஓட்டம் ஓடியிருப்பீர்கள், ஆகவே கால் அடிப்பதை அழுத்த வேண்டாம். சுவரை வேகமாக உதைத்தால் கெண்டைக்காலில் குரக்கு பிடிக்கும்.

ஞாயிறு காலை 2,400: 300 மெதுவாக, 50 வீதம் ஆறு நுட்பத்துக்கு, 100 வீதம் பத்து நிலைவேகத்தில் 15 நொடி ஓய்வுடன், கால்களுக்கிடையே புல் பாய் என்ற மிதவையை வைத்து 150 வீதம் நான்கு, முடிவில் 200 மெதுவாக. பத்தில் எட்டாவது 100 இலக்கைவிட 5 நொடிக்கு மேல் தாமதமானால் அங்கேயே நிறுத்துங்கள். களைத்த கையால் நீந்தும் ஒவ்வொரு மீட்டரும் தவறான அசைவைப் பழக்கமாக்கும். தையில் 100 வீதம் பத்தை 200 வீதம் ஆறாக மாற்றலாம்.

வாரத்தின் நடுவில் நீருக்கு வெளியே ஒரு பயிற்சி. நீண்ட ரெசிஸ்டன்ஸ் பேண்டைக் கதவிலோ கம்பத்திலோ இடுப்பு உயரத்தில் கட்டி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, முழங்கை கையைவிட உயரமாக இருக்கும்படி ஃப்ரீஸ்டைல் இழுப்பு. 60 நொடி இழுத்து 40 நொடி ஓய்வு, ஆறு முறை. முழங்கை கீழே விழுந்தால் பேண்ட் தடிமன் அதிகம் என்று பொருள். இது நீச்சலுக்கு ஈடாகாது. ஆனால் அடுத்த சனிக்கிழமை தோள் புதிதாகத் தொடங்காமல் இருக்கும்.

திறந்தவெளிக் குளங்களில் மார்கழிக் காலை நீர் சில்லென்றிருக்கும். சிலிகான் தொப்பி அணியுங்கள். வெளியே வந்த பிறகும் சிறிது நேரத்துக்கு உடல் உள்வெப்பம் குறைந்துகொண்டே போகும், அதனால் நடுக்கம் தாமதமாக வரும். உடனே துவட்டி, உலர்ந்த துணி, குல்லா, சூடான பானம். தலையை நன்றாகக் காயவைத்த பிறகே மலையேறுங்கள். கீழே 30 டிகிரி வெயிலில் கிளம்பினாலும் ஊட்டியில் இறங்கும்போது பத்துக்கும் கீழே இருக்கலாம்.

வாரம் எப்படி அமையும்

கடினமானவற்றை ஒரே நாளில் சேர்த்து, எளிதான நாளை உண்மையிலேயே எளிதாக விடுவதுதான் அடிப்படை. திங்கள் ஓய்வு, 20 நிமிடம் மூட்டு அசைவுகள் மட்டும். செவ்வாய் காலை ஏற்றம்: 6 முதல் 8 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு ஆறு முதல் எட்டு மீட்டர் உயரும் சாலையில், 60 நொடி வேகமாக ஏறி நடந்து இறங்குவது, ஆறு முதல் எட்டு முறை. அன்று மாலையே கால் வலுப்பயிற்சி, இடையில் குறைந்தது ஆறு மணி நேரம். கால் களைத்திருக்கும் நாளிலேயே கால் எடையையும் செய்வது தவறாகத் தோன்றலாம். புதன்கிழமைக்குத் தள்ளினால் வாரத்தில் கால் ஆறும் நாளே இருக்காது.

புதன் 35 நிமிட நிதான ஓட்டம், பேண்ட் இழுப்பு. வியாழன் காலை 50 நிமிட நிதான ஓட்டம், மாலை மேலுடல் வலுப்பயிற்சி. வெள்ளி ஓய்வு. மேலுடல் வேலையை வெள்ளிக்குத் தள்ளாதீர்கள், புல்-அப் செய்த மறுநாள் தோள் இறுகி நீரில் கை நீளாது. சனி காலை 80 முதல் 95 நிமிட நீள ஓட்டம், அதில்தான் வாரத்தின் அளவான இறக்கம். மதியம் கீழே பயணம், மாலை நீச்சல். ஞாயிறு காலை நீச்சல். தை தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு நீச்சலுக்குப் பின் சமதளத்தில் 20 நிமிட டெம்போ ஓட்டம் (கொஞ்சம் கடினமான, ஆனால் சீரான வேகம்) சேர்த்துக்கொள்ளலாம். அந்த வாரச் செவ்வாயில் ஏற்றத்தை நிதான ஓட்டமாக மாற்றிவிடுங்கள்.

வாரத்தில் நேரம் குறைந்தால் முதலில் விட வேண்டியது புதன் ஓட்டம், அடுத்து வியாழன் ஓட்டம். நீச்சல் இரண்டையும் கால் வலுப்பயிற்சியையும் கடைசிவரை காப்பாற்றுங்கள். மலையில் வாழ்பவருக்கு ஓட்டம் எளிதில் திரும்பிவிடும்.

சாப்பாடும் இரும்புச் சத்தும்

உயரத்தில் வாழும் உடல் சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்க முயலும். அதற்கு இரும்புச் சத்து வேண்டும். நீலகிரியில் வளமாகக் கிடைப்பதோ தேநீர். தேநீரில் உள்ள டானின் உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம், மற்ற வேளைகளில் குடியுங்கள். முருங்கைக் கீரை, ராகி, ஈரல் சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பனிக்காலத் தொடக்கத்தில் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதியுங்கள், பெண்கள் கட்டாயம். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை எடுக்கக் கூடாது.

புரதம், உடல் எடை கிலோவுக்கு 1.6 கிராம் அளவில். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 95 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் சுமார் 20. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பயறும் கடலையும் திறந்த பாத்திரத்தில் எளிதில் வேகாது, குக்கர்தான். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நீர் இழக்கிறோம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடும், குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட வேண்டாம்.

எது கெடுகிறது, என்ன செய்வது

முழங்காலின் முன்பக்கம், குறிப்பாகப் படி இறங்கும்போது வலித்தால் இறக்கம் அதிகமாகிவிட்டது. இரண்டு வாரம் இறக்க ஓட்டம் வேண்டாம், ஏறி வண்டியில் திரும்புங்கள், ஸ்குவாட்டைப் பாதி ஆழத்தோடு நிறுத்துங்கள். காலையில் முதல் அடியில் குதிகால் தசைநாண் விறைத்தால் ஏற்றம் அதிகம். செவ்வாய் ஏற்றத்தை நிறுத்தி, கெண்டைக்கால் பயிற்சியை மெதுவாக, 3 நொடி ஏறி 3 நொடி இறங்கித் தொடருங்கள். தோளின் முன்புறம் நீச்சலில் குத்தினால், கை நீருக்குள் நுழையும்போது தலைக்கு நடுக்கோட்டைத் தாண்டுகிறதா என்று கரையிலிருந்து யாரையாவது போனில் படமெடுக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

படுக்கையிலிருந்து எழுமுன் நாடித்துடிப்பை எண்ணும் பழக்கம் வேண்டும். வழக்கத்தைவிட ஏழெட்டு அதிகமாக இரண்டு நாள் தொடர்ந்தால் அன்றைய கடினப் பயிற்சியை விட்டுவிடுங்கள். சளி மூக்கோடு நின்றால் நிதானமாக நடக்கலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் சளி இருந்தால் எதுவும் கூடாது. நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மண்சரிவால் பாதை மூடி இரண்டு வாரம் நீச்சலே இல்லாமல் போவது கார்த்திகையில் சகஜம். அந்த வாரங்களில் பேண்ட் இழுப்பை வாரம் மூன்றாக்கி, எஞ்சிய நேரத்துக்கு ஓட்டத்தைக் கூட்டாமல் தூங்குங்கள். பாதை திறந்து முதன்முதலாக நீரில் இறங்கும் நாளில் நிலைவேகப் பயிற்சி வேண்டாம். 50 மீட்டர் வீதம் இருபது, ஒவ்வொன்றுக்கும் பிறகு 20 நொடி ஓய்வு, கை நீட்சியில் மட்டும் கவனம். 1,000 மீட்டரில் கரையேறிவிடுங்கள். மறுநாள் காலை தோளைச் சுழற்றிப் பார்த்து வலி இல்லையென்றால், 2,400-இன் திட்டத்தில் 100 வீதம் பத்துக்குப் பதில் ஆறு மட்டும் நீந்துங்கள்.